தங்கவயலில் எங்கள் பூட்டனார்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், நம் இல்லத்துச் சிறுவன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நம் முன் வைத்தான். அதில் ஒரு மரம் வரையப்பட்டிருந்தது. கிளைதோறும் ஒரு கட்டம். தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவர் என்ன தொழில் செய்தார் என்பதையும் அதன் கீழே குறித்துவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். மேலிருந்த கட்டங்களை அவன் எளிதில் நிரப்பிவிட்டான். வேரடியில் இருந்த பூட்டனாரின் கட்டத்துக்கு வந்ததும், "இவர் என்ன வேலை பார்த்தார்?" என்று வினவினான்.

"கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார்" என்றோம்.

சிறுவனின் முகம் மலர்ந்தது. "கே.ஜி.எஃப்.பிலா? அப்படியானால் நம்மிடம் நிறையத் தங்கம் இருந்ததா?" என்றான். திரைப்படங்களின் வாயிலாகவே அவ்வூரின் பெயரை அறிந்தவன் அவன்.

"இல்லையப்பா, அவர் கூலியாள்" என்ற விடை நாவின் நுனி வரை வந்தது. ஆயினும் அதைச் சொல்லவில்லை. "சுரங்கத்தில் உத்தியோகம் என்று எழுது" எனச் சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. முப்பது ஆண்டுக் காலம் பூமியின் வயிற்றுக்குள் பாறை உடைத்த ஒரு மனிதரை, "உத்தியோகம்" என்னும் ஒரு சொல்லைக் கொண்டு மறைத்துவிட்டோமே என்ற எண்ணம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வுறுத்தலின் பயனே இக்கட்டுரை.

இரண்டு கிழிந்த தாள்கள்

எங்கள் பூட்டனாருக்கு நிழற்படம் இல்லை. அவர் எழுதிய கடிதமும் இல்லை. அவர் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் எஞ்சியிருப்பவை, ஒரு தகரப் பெட்டியின் அடியில் கிடந்த இரண்டு கடன் பத்திரங்களே. ஒன்று 1912-ஆம் ஆண்டினது. திருமணச் செலவுக்காக நாற்பது ரூபாய் வாங்கியதைக் குறிப்பது. மற்றொன்று 1928-ஆம் ஆண்டினது. மகனின் படிப்புக்காக இருபத்தைந்து ரூபாய் வாங்கியதைக் குறிப்பது. இரண்டும் நடுவே கிழிக்கப்பட்டுள்ளன. கடன் முழுவதும் தீர்ந்தபின் பத்திரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுப்பது அக்கால வழக்கம். ஆகவே அவர் பட்ட கடனைத் தீர்த்தவர் என்பது விளங்குகிறது.

இவ்விரு தாள்களுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. முதல் தாளின் அடியில் இருப்பது இடக்கைப் பெருவிரலின் மைரேகை. இரண்டாவது தாளின் அடியில் இருப்பது கையெழுத்து. எழுத்துகள் கோணிக் கோணி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆயினும் அது அவருடைய பெயர். அவர் கையால் எழுதியது. ரேகைக்கும் கையெழுத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பதினாறு ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்று அறிய முற்பட்டபோதுதான், எங்கள் குடும்பத்தின் வரலாறு நமக்கு முதன்முதலாகப் புலப்படலாயிற்று.

பொன்னைத் தேடி வந்தவர்கள்

தங்கவயலின் கதை எங்கள் பூட்டனாருக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியது. 1802-ஆம் ஆண்டில், மைசூர் நாட்டின் கீழ்த்திசை எல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, உரிகாம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களைச் சுற்றிய மண்ணில் பொன்துகள் கிடைப்பதைக் கேள்வியுற்றார். ஊரார் மண்ணைக் கழுவிப் பொன் பிரிப்பதையும், குழி தோண்டிக் கல் எடுப்பதையும் கண்டு அறிக்கை எழுதினார். பொன்னை முதலிற் கண்டவர் அவர் என்று நூல்கள் கூறும். உண்மையில், பொன் இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டியவர்கள் அவ்வூர் ஏழை மக்களேயாவர்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், படைத் தொழிலினின்று ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர், வாரனின் அறிக்கையைப் படித்துவிட்டு மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டார். 1875-ஆம் ஆண்டில் உரிமை கிடைத்தது. ஆனால் அதை நடத்தப் போதிய பொருள் அவரிடம் இல்லை. உரிமை கைமாறிற்று. 1880-ஆம் ஆண்டு முதல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் குழுமத்தினர் அங்கே காலூன்றினர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வேலையில் தேர்ந்தவர்களைத் தருவித்தனர். மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க்கம் என நான்கு பெருஞ் சுரங்கங்கள் அங்கே எழுந்தன.

பொறிகள் கப்பலேறி வந்தன. பொருள் இலண்டனிலிருந்து வந்தது. தோண்டும் கைகள் எங்கிருந்து வந்தன? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தன. வந்தவர்களிற் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த ஆதிதிராவிட மக்கள். எங்கள் பூட்டனாரும் அவர்களுள் ஒருவர். இதை மறைத்துச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக இருந்தது. இனி மறைக்கப்போவதில்லை.

பாலாற்றங்கரையிலிருந்து

ஆம்பூருக்கு அருகே, பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அவ்வூரில் எங்கள் பூட்டனாரின் தந்தை பிறர் நிலத்தில் படியாளாக இருந்தார். உழுதது அவர், விளைந்தது மற்றொருவருடையது. பெரியவர்கள் வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் உழைக்கும் முறை அது. 1876-ஆம் ஆண்டு முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தின் நினைவு அக்குடிசைகளில் இன்னும் ஆறாமல் இருந்தது. அக்கால் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் ஊர் ஊராக வருவார்கள். "அங்கே கூலி கையில் காசாகக் கிடைக்கும், ஆண்டை என்று ஒருவர் இல்லை" என்பார்கள். முன்னது பெரும்பாலும் மெய். பின்னது பாதி மெய்.

1908-ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதில், மேஸ்திரி தந்த முன்பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு எங்கள் பூட்டனார் புறப்பட்டார். ஆம்பூரில் இரயிலேறி, ஜோலார்ப்பேட்டை வழியாக பௌரிங்பேட்டையை அடைந்தார். இன்று பங்காரப்பேட்டை என்று வழங்குவது அவ்வூரே. அங்கிருந்து சுரங்கங்களுக்கென்று இடப்பட்ட கிளைப்பாதை வண்டி மாரிக்குப்பம் வரை செல்லும். தூரத்தைக் கணக்கிட்டால் நூறு மைலுக்கும் குறைவே. ஆனால் ஒரு சேரிச் சிறுவன் தன் ஊரின் எல்லையைத் தாண்டி, தன் சாதியைக் கேட்டு விரட்டுவார் இல்லாத ஓர் இரயில் வண்டியில் அமர்ந்து சென்றானே, அந்தத் தூரத்தை மைற்கல்லால் அளக்க முடியாது. நம் குடும்பங்களில் முதன்முதலாகப் புலம்பெயர்ந்தவர் கப்பலேறியவரோ விமானம் ஏறியவரோ அல்லர். மூன்றாம் வகுப்பு வண்டியின் மரப்பலகையில் ஒரு துணி மூட்டையுடன் அமர்ந்திருந்த அந்தப் பதினாறு வயதுச் சிறுவரே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றி, கோலார் மாவட்டத்தின் வழியே பேத்தமங்கலத்தைக் கடந்து, பின்னர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்கிறது. தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது அந்தப் பேத்தமங்கலத்து ஏரியிலிருந்துதான். ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்துவிட்டதாக எண்ணிய எங்கள் பூட்டனார், தாம் பிறந்த ஊருக்கு ஓடவேண்டிய அதே ஆற்று நீரையே இங்கும் குடித்தார். அயலகத்தில் வாழும் நமக்கு இப்பேறு வாய்ப்பதரிது.

லைன் வீடுகள்

தொழிலாளர் குடியிருப்புகளை "லைன்" என்றே மக்கள் அழைத்தனர். மூங்கில் தட்டியை நிறுத்தி, மண் பூசி, மேலே கூரை வேய்ந்த ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும். ஆறடி உயரமுள்ளவர் குனிந்தே உள்ளே நுழையவேண்டும். சமையல், உறக்கம், மகப்பேறு, நோய், இறப்பு அனைத்தும் அந்த ஓர் அறையிலேயே. ஒருவர் இரவு முறை வேலை முடிந்து பகலில் உறங்க, அவர் மனைவி குழந்தைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்தி ஓசைப்படாமல் காப்பாள்.

1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் சற்றேறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக வந்து தங்கவயலின் பொறிகளை இயக்கியது. அந்நாளில் உலகத்தார் வியந்து பேசிய அருஞ்செயல் அது. ஆயினும் அம்மின்னொளி சுரங்க வாயிலிலும் துரைமார் மாளிகைகளிலும் ஒளிர்ந்ததேயன்றி, லைன் வீடுகளை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. எங்கள் பூட்டனார் தம் பெயரை எழுதப் பழகியது மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலேதான்.

பூமிக்குள் ஒரு வாழ்க்கை

சங்கு ஊதும். கையில் எண் பொறித்த டோக்கனைக் கொடுத்து விளக்கைப் பெற்றுக்கொண்டு, இரும்புக் கூண்டில் நெருக்கி நிற்கவேண்டும். கூண்டு கிணறுபோன்ற வாயில் வழியே இருளுக்குள் இறங்கும். எங்கள் பூட்டனார் ஓய்வதற்குள் தங்கவயலின் ஆழம் ஒரு மைலைக் கடந்துவிட்டது. பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

தங்கம் அங்கே கட்டியாகக் கிடப்பதில்லை. வெண்மையும் கருநீலமும் கலந்த படிகக்கல்லின் நரம்பில், கண்ணுக்குப் புலப்படாத துகளாக ஒளிந்திருக்கும். அந்நரம்பைத் தொடர்ந்து சென்று, பாறையில் துளையிட்டு, வெடிமருந்தைத் திணித்து வெடிக்கச் செய்து, உடைந்த கல்லை அள்ளி டிராம் வண்டியில் ஏற்றித் தள்ளவேண்டும். மேலே வந்த கல்லை ஆலையில் பொடியாக இடிப்பார்கள். பாதரசத்தாலும் சயனைடு நீராலும் பொன்னைப் பிரிப்பார்கள். ஒரு டன் கல்லைத் தோண்டினால் கிடைக்கும் பொன் ஒரு மோதிரத்துக்கோ சிலவற்றுக்கோதான் காணும். எஞ்சிய பொடி முழுவதும் வெளியே கொட்டப்பட்டது. தங்கவயலைச் சுற்றி இன்றும் நிற்கும் சாம்பல் நிறக் குன்றுகள் இயற்கை படைத்தவை அல்ல. நம் முன்னோர் ஒவ்வொரு கூடையாக உள்ளிருந்து எடுத்து வெளியே வைத்த மலைகள் அவை.

ஆழம் மிக மிக வெப்பம் மிகும். பாறையே சுடும். ஆண்கள் கோவணத்தோடு வேலை செய்தனர். அதனினும் கொடியது பாறைவெடிப்பு. மேலிருந்து அழுத்தும் பாறையின் பளுவை, உள்ளே விடப்பட்ட கல்தூண்கள் தாங்கி நிற்கும். கல் எடுக்க எடுக்கப் பளு ஓரிடத்திற் குவியும். தாங்க இயலாத ஒரு கணத்தில் பாறை தானே வெடித்துச் சிதறும். அவ்வதிர்ச்சியில் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள். எங்கள் பூட்டியார் அவ்வாறு எத்தனை முறை ஓடினார் என்பதற்குக் கணக்கில்லை. கூண்டிலிருந்து ஒவ்வொருவராக வெளிவரும் கரிய முகங்களில் தம் கணவரின் முகத்தைக் கண்டபின், ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவந்து அணைந்த அடுப்பை மூட்டுவாராம். இதை எங்கள் பாட்டனார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ரேகையும் கையெழுத்தும்

சுரங்கத்திலிருந்து வெளிவரும் தொழிலாளியை நிறுத்தி, உடலைத் தடவிச் சோதிப்பார்கள். பொன்னைத் தோண்டுபவனே பொன்னைத் திருடுபவன் என்பது அந்நாளைய நிர்வாகத்தின் கருத்து. கடன் கொடுப்பவரும் மேஸ்திரியும் அவன் பெயரைக் கேட்பதில்லை; விரலையே கேட்டார்கள். பெயர் எழுதத் தெரியாதவனுக்குப் பெயர் எதற்கு?

இந்நிலையில்தான் தங்கவயலில் வேறொரு காற்று வீசிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டில் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' என்று பெயர் பெற்றது. ஒரு பைசா விலையுள்ள அவ்விதழை வாங்கிப் படிப்பவர் தங்கவயலில் பலர் இருந்தனர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. பண்டிதர் 1914-ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் நூல்கள் பலவற்றை அச்சிட்டு நாட்டுக்கு அளித்தது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலையே. 1926-ஆம் ஆண்டில் 'தமிழன்' இதழை அங்கிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் ஜி. அப்பாதுரையார். தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே, பாறை உடைக்கும் மக்கள் நடுவே, ஓர் அச்சுக்கூடமும் ஓர் இதழும் வாழ்ந்தன என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நிமிர்கிறது.

வேலை முடிந்து வந்தவர்கள் லைனின் முனையிலுள்ள விளக்கடியில் கூடுவார்கள். எழுத்தறிந்த ஒருவர் இதழை உரக்கப் படிப்பார், ஏனையோர் கேட்பார்கள். எங்கள் பூட்டனார் பல ஆண்டுகள் அவ்வாறு கேட்டுக்கொண்டே இருந்தார். தம் முப்பதாவது வயதைக் கடந்தபின் ஒருநாள், படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் அமர்ந்து, "இதில் என் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றாராம். அன்று தொடங்கிற்று அவருடைய கல்வி. உளியும் சம்மட்டியும் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு எழுதுகோல் நிற்கவில்லை. மகனுடைய பலகையில் மகனுக்குத் தெரியாமல் எழுதி எழுதி அழிப்பார் என்று பூட்டியார் சொல்லுவாராம். 1928-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் கோணலாக நிற்கும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இத்தனை இரவுகள் இருக்கின்றன.

அவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதும் இந்த ஊக்கத்தினாலேயே. பௌத்த சங்கத்தாரும் கிறித்தவத் திருச்சபையாரும் நடத்திய பள்ளிகள் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தன. பத்து வயதுப் பையன் மேற்பரப்பில் ஏதேனும் ஒரு கூலிவேலைக்குச் சென்றால் வீட்டுக்குச் சில அணாக்கள் வரும். அந்த அணாக்களை வேண்டாமென்று விலக்கி, அதற்குமேல் கடனும் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பம் பெற்ற முதற்சொத்து அந்த இருபத்தைந்து ரூபாய்க் கடனே என்று நாம் துணிந்து கூறுவோம்.

1930-ஆம் ஆண்டு

1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவுசெய்துகொள்ளவேண்டும் என்னும் விதி வந்தது. அதை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலையை நிறுத்திற்று. ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரங்கள் சுரங்கத்தில் இறங்கவில்லை. அந்நாளில் அவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது, சேமிப்புக் கிடையாது. இருந்தும் நின்றார்கள்.

வெறும் மைப் பதிவுக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு என்று இன்று நாம் கேட்கக்கூடும். விரல் வைத்துக் கதவு திறக்கும் காலத்தில் வாழ்பவர்கள் நாம். அந்நாளில் கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம். உழைப்பவனைக் குற்றவாளியாக்கும் செயலாகவே அதை அவர்கள் கண்டனர். எங்கள் பூட்டனாரும் அம்மூன்று வாரம் வேலைக்குச் செல்லவில்லை. வீட்டில் கேழ்வரகும் தீர்ந்துவிட்டது. "ரேகை வைத்தால் என்ன, முன்பு வைத்ததுதானே?" என்று பூட்டியார் கேட்டாராம். "முன்பு எனக்கு எழுதத் தெரியாது" என்றாராம் அவர். எங்கள் குடும்பத்தில் அவர் வாய்மொழியாக இன்றுவரை வழங்கிவருவது இந்த ஒரு வாக்கியமே.

பெயரில்லாத நோய்

நாற்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு இருமல் தொடங்கியது. முதலில் குளிர்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எக்காலமும் நின்றது. லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதற்குள் இருமுறை நிற்கவேண்டியிருந்தது. வீட்டார் "ஈளை" என்றனர். சிலர் "காசம்" என்றனர். சிலர் கண்ணேறு என்று மந்திரித்தனர். 1938-ஆம் ஆண்டில், நாற்பத்தாறாவது வயதில், சுவரில் சாய்ந்து அமர்ந்தபடியே அவர் உயிர் நீத்தார். படுத்தால் மூச்சு வராத காரணத்தால் கடைசி ஓராண்டு அவர் படுத்து உறங்கியதில்லை.

அந்நோயின் பெயர் சிலிகோசிஸ். படிகக்கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலிற் படிந்து, அதைக் கல்போல இறுக்கிவிடும். அதற்கு மருந்து அன்றும் இல்லை. இறுகிய நுரையீரலை மீட்கும் மருந்து இன்றும் இல்லை. நீர் பாய்ச்சித் துளையிடுவதும், காற்றோட்டம் செய்வதும், துகளை உள்ளிழுக்காமல் காப்பதுமே வழி. 1940-களில் தங்கவயலின் மருத்துவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இந்நோயின் அறிகுறியைக் கண்டனர். இந்நாட்டில் இந்நோயைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு அது. எங்கள் பூட்டனார் அவ்வாய்வுக்கு முன்னரே இறந்துவிட்டார். ஆகவே அந்த எண்ணிக்கையிலும் அவர் இல்லை.

பின்வந்தவர்கள்

அவர் மகன், அதாவது எங்கள் பாட்டனார், எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தமையால் நிலத்தடிக்குச் செல்லாமல் மேற்பரப்பில் ஒரு பணிமனையில் வேலை பெற்றார். ஒரு தலைமுறை கற்ற எழுத்து அடுத்த தலைமுறையின் நுரையீரலைக் காத்தது. 1946-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். அந்நாளைத் தங்கவயல் மக்கள் தியாகிகள் நாளாக நினைவுகூர்ந்து வருகின்றனர்.

1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962-ஆம் ஆண்டில் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பெயர் வந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடிற்று; பொன் குறைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சங்கு நின்றது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் அங்கிருந்து வெளியேறியது என்பர். அதைத் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர்.

சுரங்க வாயில்களுக்கு கிஃபோர்டு, எட்கர், ஹென்றி என்று துரைமார் பெயர்கள் உள்ளன. நகரத்துப் பகுதிகளுக்கு ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பெயர்கள் உள்ளன. இறங்கிய இலட்சம் கால்களில் ஒன்றின் பெயரேனும் எந்த வாயிலிலும் இல்லை. 2024-ஆம் ஆண்டில் 'தங்கலான்' என்னும் திரைப்படம் அம்மக்களின் முன்னோரைத் திரையில் நிறுத்தியபோது, பலர் தத்தம் வீட்டு முதியோரிடம் முதன்முதலாகக் கேள்விகள் கேட்கத் தொடங்கினர். நல்லதே. ஆனால் திரைப்படம் எடுப்பவர்கள் நம் பூட்டனாரின் பெயரைக் கண்டுபிடித்துத் தரமாட்டார்கள். அது நம் கடமை.

நாம் செய்யவேண்டுவது

இதைப் படிக்கும் அன்பர்கள் அனைவரும் தங்கவயலிலிருந்து வந்தவர்கள் அல்லர். சிலரின் முன்னோர் தேயிலைத் தோட்டத்திலும், சிலரின் முன்னோர் இரப்பர்க் காட்டிலும், சிலரின் முன்னோர் கரும்பு வயலிலும் துறைமுகத்திலும் உழைத்திருப்பர். இடம் வேறு, கதை ஒன்றே. நாம் அவர்களை மறந்தது கல்நெஞ்சத்தினால் அன்று, வெட்கத்தினாலேயே. கூலி என்ற சொல்லுக்கு வெட்கம். சேரி என்ற சொல்லுக்கு வெட்கம். கடன் என்ற சொல்லுக்கு வெட்கம். இம்மூன்றையும் நீக்கிவிட்டுச் சொன்னால் நம் முன்னோரிடத்துச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஏனெனில் அவர்கள் வென்றது இம்மூன்றையுந்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள முதியவரிடம் இந்த வாரமே அமர்ந்து கேளுங்கள். "தாத்தா பெரிய மனிதரா?" என்று கேட்க வேண்டா. "எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போவார்? என்ன சாப்பிடுவார்? யாரிடம் கடன் வாங்கினார்? எதற்குச் சினம் கொள்வார்?" என்று கேளுங்கள். பெரிய கேள்விக்குப் புகழ்மொழி விடையாக வரும். சிறிய கேள்விக்குத்தான் மனிதர் வருவார். பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, சேமநிதித் தாள், டோக்கன், பள்ளிச் சான்றிதழ், கடன் பத்திரம் எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலும், திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலும், கல்லறைகளிலும் பெயர்கள் காத்திருக்கின்றன. கேட்டதை அன்றே எழுதி, தேதியிட்டு, சொன்னவர் பெயரையும் குறித்து வையுங்கள். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதில் இறங்கியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எங்கள் இல்லத்துச் சிறுவனை அழைத்து, அவன் தாளை மறுபடியும் எடுத்துவரச் சொன்னோம். "உத்தியோகம்" என்பதை அடித்துவிட்டு, "சுரங்கக் கூலித் தொழிலாளி" என்று எழுதச் செய்தோம். இரண்டு பத்திரங்களையும் அவன் கையில் கொடுத்துக் கதை முழுவதையும் கூறினோம். சிறுவன் நெடுநேரம் அந்தக் கோணல் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கட்டத்தில் இன்னும் சிறிது இடம் இருந்ததைக் கண்டு, யாரும் சொல்லாமலே அடியில் ஒரு வரி சேர்த்தான்:

"முப்பது வயதுக்குமேல் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர்."